மீன்வலைக் கழிவில் உடுப்பு: மண்டபம் ஊரில் கண்காட்சி வைக்க என்னென்ன பார்க்கணும்?

மண்டபம்_கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கரை ஒதுங்கிய வலை, கயிறு, பால் கவர், சிமெண்டுச் சாக்கு இவற்றை வைத்து மகளிர் குழுக்கள் செய்யும் 12 உடுப்புகளை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று வாரம் காட்சிக்கு வைக்கிறோம். ஜூலை நடுவில். ஏசி கிடையாது. திறப்பு நாளில் மட்டும் நான்கு உடுப்புகளைப் பிள்ளைகள் அணிந்து நடப்பார்கள். மற்ற எட்டும் பொம்மையில் நிற்கும்.

கேள்விகள்: வலையை எப்படிச் சுத்தம் செய்வது? அறுந்து பிரியாமல் எப்படித் தைப்பது? மூன்று வாரம் தொங்கினால் உருக்குலையுமா? சங்கு, பவளத்துண்டு வைத்து அலங்கரிக்கலாமா?

---

வலைக்கண்

கடைசிக் கேள்விக்கு முதலில். பவளம் வேண்டாம். கடல்விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை எதுவும் வேண்டாம், காய்ந்து கரையில் கிடந்தாலும் சரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவை பட்டியலிடப்பட்டவை. வைத்திருப்பதே குற்றம். சங்கு, சிப்பியிலும் சில இனங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. எது எதுவென்று பிரித்தறியத் தெரிந்தவர் கூட இல்லையென்றால் சங்கையும் தொடாதீர்கள். ராமேஸ்வரம் கடைகளில் விற்கிறார்களே என்பது பதில் ஆகாது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இருந்தும் எதையும் எடுத்து வரக்கூடாது, குப்பை பொறுக்கப் போனாலும் வனத்துறை அனுமதியோடுதான் போகணும்.

வலை எங்கே கிடைக்கும்: கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கரையில் நிறைய ஒதுங்கும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம். ஆனால் உங்களுக்கு இப்போது இன்னொரு வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு மடிகளை (இழுவலைகளை) பிரித்துப் பழுது பார்க்கும் நேரம். வெட்டி எறியும் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கரையில் கிடப்பதைவிட அது வெயிலில் குறைவாக நைந்திருக்கும். கரையில் கிடக்கும் வலையை எடுக்கும் முன் பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், காயப் போட்ட வலையாகவும் இருக்கலாம். பாறையில் சிக்கிய வலையை இழுக்காதீர்கள், பவளம் பெயர்ந்து வரும்.

எடுத்ததும் ஈயக்குண்டு அத்தனையும் கழற்றணும். கையுறை போட்டுக் கழற்றுங்கள். கயிற்றுக்குள்ளேயே ஈயம் வைத்த வகையும் உண்டு, தூக்கிப் பார்த்தால் கனம் காட்டிக்கொடுக்கும். அதை வெட்டவே வேண்டாம், அப்படியே ஒதுக்குங்கள். பிள்ளைகள் அணியும் உடுப்பில் ஈயம் ஒரு துளியும் இருக்கக்கூடாது.

---

உப்புநீக்கி

சுத்தம் செய்வதில் எல்லோரும் அழுக்கைப் பார்ப்பார்கள். உங்களுக்கு எதிரி உப்பு.

சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீராகக் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கும். மண்டபத்துக் காற்றில் 33 சதவீதத்துக்குக் கீழே எந்த நாளும் போகாது. ஆகவே சரியாக அலசாத வலை ஒருபோதும் காயாது. தொட்டால் பிசுபிசுக்கும், தூசு ஒட்டும், உள்ளே குத்திய குண்டூசி துருப்பிடிக்கும், கீழே விரித்த துணியில் காவி வட்டம் விழும். திறப்பு நாளில் புதிதாகத் தெரிந்த உடுப்பு பத்தாம் நாள் அழுக்காகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் காயவிட்டு உதறுங்கள், மணலும் செத்த பாசியும் பாதி போய்விடும். நிழலில் காயவையுங்கள், நைலானுக்கு வெயில் ஆகாது. பிறகு ஒரு கிலோ வலைக்கு 10 லிட்டர் நல்ல தண்ணீர், 12 மணி நேரம் ஊறல், நீரை மாற்று, மறுபடியும் ஊறல். எத்தனை முறை என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும், பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். ஊறவைக்கும் முன் நீரின் அளவைக் குறியுங்கள், ஊறிய பின் குறியுங்கள். 50க்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் உப்பு இறங்குகிறது என்று பொருள்.

இங்கே ஒரு சிக்கல். நம் பக்கத்துக் கிணறு, போர் தண்ணீரே உவர்ப்பு. முதல் இரண்டு ஊறலுக்கு அது போதும். கடைசி அலசல் குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ மழைநீரிலோ இருக்கணும். இல்லாவிட்டால் கடல் உப்பை எடுத்துவிட்டுக் கிணற்று உப்பை ஏற்றியதாகத்தான் முடியும்.

கொட்டலசு (வலையில் ஒட்டி வளரும் சின்ன ஓட்டு உயிரி) ஒட்டியிருந்தால்: கடையில் விற்கும் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, இரண்டு மணி நேரம். நுரை அடங்கியதும் பழைய பல்துலக்கியால் தட்டினால் உதிரும். பிறகு 10 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா போட்டு ஒரு அலசல். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தொடாதீர்கள், அது நைலானைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். வலை வெளுத்ததாகத் தெரியும், தைத்த பிறகு அறுந்துகொண்டே வரும்.

---

கீழக்கரை_தையல்

உப்புநீக்கி காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னது முழுக்கச் சரி. ஒன்றில் மட்டும் வேறு கருத்து. கொட்டலசு எல்லாவற்றையும் எடுத்துவிடணுமா? ஒரு கயிற்றிலோ மிதவையிலோ இருப்பதை விட்டுவைத்தால் அந்தப் பொருள் கடலில் எவ்வளவு காலம் கிடந்தது என்பது பார்ப்பவருக்குக் கண்ணாலேயே தெரியும். தலையில் வைக்கும் கிரீடம், தோள்பட்டை போன்ற இடத்தில் அது பேசும். மொழுமொழுவென்று கழுவிய வலையைப் பார்த்தால் கடையில் வாங்கியதோ என்று தோன்றும்.

---

உப்புநீக்கி

லாத்தா, விட்டுவைக்கலாம், உள்ளே சதை இல்லாவிட்டால். ஓட்டுக்குள் காய்ந்த சதை இருந்தால் எறும்பு, கரப்பான் பிறகு வண்டுப் புழு. அந்தப் புழு பக்கத்து உடுப்பின் பட்டுக்கும் கம்பளிக்கும் போகும்.

அப்படி வைப்பதானால் குளிர்பதனம் செய்யுங்கள். நம் ஊரில் அதற்கு வசதி இருக்கிறது. மீன் பதப்படுத்தும் கிடங்குகளில் மைனஸ் 18 டிகிரி கிடைக்கும். தடித்த பாலிதீன் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப்பால் நன்றாக ஒட்டி இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தால் 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் முழுவதும் பொருள் மேல் பனியாகப் படியும். குளிர்ந்திருக்கும்போது வளைக்கவும் கூடாது. சிமெண்டுச் சாக்கும் பிளாஸ்டிக் கயிறும் அந்தக் குளிரில் முறியலாம்.

---

மண்டபம்_கரை

மிக்க நன்றி. எங்களிடம் இருக்கும் குவியலில் எது நைலான், எது வேறு என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளணுமா?

---

வலைக்கண்

கட்டாயம். ஒரு வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, இரண்டு அங்குலத் துண்டை நன்றாக நனைத்துக் காற்றுக் குமிழ் போகும்வரை பிசைந்து விடுங்கள். மூழ்கினால் பெரும்பாலும் நைலான், தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலை எல்லாம் இதில் வரும். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், விசைப்படகு மடியும் பெரும்பாலான கயிறும் இதில் சேரும். உருகும் சூடு மாறுவதால் இது முக்கியம். பாலிஎத்திலீன் 130 டிகிரியில் உருகும், பாலிபுரொப்பிலீன் 165 பக்கம், நைலான் 220 பக்கம். ஒரே இஸ்திரிச் சூட்டில் எல்லாவற்றையும் வைத்தால் ஒன்று உருகும், ஒன்று ஒட்டவே ஒட்டாது. கொளுத்தி முகர்ந்து பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, பி.வி.சி. கலந்திருந்தால் அந்தப் புகை நெஞ்சைக் கெடுக்கும். வாளி போதும்.

இன்னொரு சோதனை நைந்ததா என்று பார்ப்பது. கறுப்புத் துணியில் வலையைப் பத்து முறை தேயுங்கள். வெள்ளைத் தூள் விழுந்தால் அந்தத் துண்டு உடுப்புக்கு ஆகாது, வெயில் அதைத் தின்றுவிட்டது. தொட்டவர் கையிலும் பார்ப்பவர் மூக்கிலும் பிளாஸ்டிக் தூள்தான் போகும்.

இப்போது தைப்பதற்கு வருகிறேன். துணி தைப்பவர் வலையில் தவறுவது ஒரே இடத்தில்: வலையைத் துணி என்று நினைத்து அளந்து வெட்டுவது. வலைக்கு நிலையான அகலம் கிடையாது. நீளவாக்கில் இழுத்தால் அகலம் சுருங்கும், அகலவாக்கில் விரித்தால் உயரம் குறையும். பொம்மையில் மாட்டிய பாவாடை மறுநாள் காலில் ஒட்டி, ஒரு சாண் நீண்டு நிற்கிறதே, அது தையல் குற்றம் இல்லை. கண்ணி (வலையின் துளை) மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

கடலில் வலை கட்டுபவர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? 100 மீட்டர் வலையை 50 மீட்டர் மேல்கயிற்றில் கட்டுகிறார். கயிறுதான் கண்ணியைத் திறந்து பிடிக்கிறது. உடுப்பிலும் அதையே செய்யுங்கள். இடுப்புப் பட்டைதான் மேல்கயிறு, பாவாடையின் கீழ்க்கரைதான் கீழ்கயிறு.

கணக்கு: 5 சென்டிமீட்டர் கண்ணி என்றால் இழுத்து மூடிய நிலையில் முடிச்சுக்கு முடிச்சு 5 சென்டிமீட்டர். இடுப்பு 72, பாவாடை உயரம் 90 என்று வைத்துக்கொள்வோம். இடுப்பில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் வலை அகலம் 216, அதாவது 43 கண்ணி. இடுப்புப் பட்டையில் 1.7 சென்டிமீட்டருக்கு ஒரு கண்ணி வீதம் கட்டுங்கள். கரையில் 3.5 சென்டிமீட்டருக்கு ஒரு கண்ணி கட்டினால் கரைச் சுற்று 150 வரும், நடக்கலாம். இந்த விகிதத்தில் கண்ணி மேலே நீண்டு, கீழே சதுரமாகத் திறந்து நிற்கும். உயரம் இழுத்த அளவில் ஏறத்தாழ 84 சதவீதமாகக் குறையும். 90 வேண்டுமானால் 22 கண்ணி உயரம் எடுங்கள், 92 வரும், இரண்டு சென்டிமீட்டர் பட்டைக்குள் போகும்.

கரைக்கு வெறும் கயிறு போட்டால் மடிந்து தொங்கும். திறந்து நிற்கணும் என்றால் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் 16 மில்லிமீட்டர் பழைய குழாயை வளையமாக இணைத்துக் கட்டுங்கள். எடை இல்லை, துருவும் இல்லை.

---

கீழக்கரை_தையல்

இந்தக் கணக்கை ஒவ்வொரு குழுவும் எழுதி ஒட்டிக்கொள்ளணும். தையல் பக்கம் நான் சேர்க்கிறேன்.

கண்ணியை வெட்டும்போது முடிச்சை ஒட்டி வெட்டாதீர்கள். முடிச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது வால் விடுங்கள், தங்கூசி வழுக்கும், வால் இல்லாத முடிச்சு தானாகவே அவிழும். சூடான கத்தியால் முனையை உருக்கினால் பிரியாது, ஆனால் உருகிய நுனி கடுகு மாதிரி உருண்டு தோலைக் கீறும். கழுத்து, அக்குள், இடுப்பு மூன்று இடத்திலும் பழைய பருத்திப் புடவைக் கரையால் பட்டை வைத்து மூடுங்கள். உள்ளே மல் துணியில் முழு உள்பாவாடை, மேலே இரண்டு அடுக்கு. வலை நேராக உடம்பில் படவே கூடாது.

மெஷினில் தைப்பதானால் 16ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 4 மில்லிமீட்டர். கீழே செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள், இல்லாவிட்டால் துணியை நகர்த்தும் பல்லில் கண்ணி மாட்டும். பருத்தி நூல் உப்புக் காற்றில் சீக்கிரம் நையும்.

பால் கவர்: நீலம், பச்சை, ஆரஞ்சு எல்லாம் கிடைக்கும், நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி விரித்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பால் இரண்டு முறை கழுவணும். மூலையில் கொழுப்பு நின்றால் நான்காம் நாள் புளிச்ச வாடை வரும். காய்ந்ததும் நான்கு அடுக்கு, அச்சு உள்பக்கம் பார்த்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர், இஸ்திரிப்பெட்டி சில்க் நிலையில். ஒரே இடத்தில் நிறுத்தாமல் 10 முதல் 15 விநாடி. ஓரம் சுருங்கினால் சூடு அதிகம். அடுக்கு உரிந்தால் சூடு போதாது. சன்னல் திறந்து, மின்விசிறி வெளியே பார்த்து ஓடணும். இதைத் தைக்கும்போது குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை அப்படியே நிற்கும், துணி மாட்டும் கிளிப் போடுங்கள். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். 4 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது.

சிப்ஸ் பாக்கெட்டை இஸ்திரி போடாதீர்கள், சுருண்டுவிடும். நாடாவாக வெட்டிப் பனையோலை முடைவது மாதிரி முடையலாம். முடைசலில் அதன் வெள்ளி உள்பக்கம் வெளிச்சம் வாங்கும் அழகே தனி.

---

தொண்டி_ஒளி

காட்சிக்கு வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை.

பொம்மை உடுப்பைவிடச் சின்னதாக இருக்கணும். பெரிதாக இருந்தால் வலிந்து மாட்டும்போதே முடிச்சு போகும். குறையை வெளுக்காத பருத்தித் துணி சுற்றி நிரப்புங்கள். பழைய மெத்தை ஸ்பாஞ்சு வேண்டாம், ஈரத்தில் பொடிந்து மஞ்சளாகக் கொட்டும். கரை ஒதுங்கும் செருப்பிலும் இதே பிரச்சினை. லேசான ரப்பர் போல இருப்பது நிற்கும், அடிப்பாகம் ஸ்பாஞ்சாக இருப்பது நகத்தால் அழுத்தினாலே உதிரும், அதை ஒதுக்கிவிடுங்கள். ரப்பரைச் சரிகைத் துணியோடு சேர்க்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுக்க வைக்கும்.

எடையைத் தோளில் விடாதீர்கள். 3 கிலோவுக்கு மேல் போகும் உடுப்புக்கு உள்ளே நான்கு சென்டிமீட்டர் அகல கான்வாஸ் பட்டையில் இடுப்புவார் தைத்து, அதிலிருந்து இரண்டு பட்டை மேலே தோளுக்கு. கனம் இடுப்பில் உட்காரணும்.

சன்னல் வெயில் நேராக விழும் சுவர்ப் பக்கம் ஒன்றும் வைக்காதீர்கள். எல்.இ.டி. விளக்கு மட்டும், பனையோலை, சாயத்துணி சேர்ந்த உடுப்புக்கு 50 லக்ஸ் போதும். கடல் பக்கச் சன்னலை மாலையில் மூடிவிடுங்கள், கச்சான் காற்று உப்புத்துளியை உள்ளே கொண்டுவரும். பார்ப்பவர் கையெட்டாதபடி ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு. தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள், அது நியாயம்தான். அதற்காகத் தனியே ஒரு மேசையில் கழுவாத வலைத்துண்டு, கழுவிய துண்டு, தைத்த துண்டு மூன்றும் வையுங்கள்.

திறப்பு நாளில் குத்துவிளக்கு ஏற்றுவீர்கள். அந்த நான்கு பிள்ளைகளும் விளக்கிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நிற்கணும், சூடம் காட்டும் தட்டும் அருகே வரக்கூடாது. நைலான் எரியும்போது உருகிச் சொட்டித் தோலில் ஒட்டும், பிய்த்தால் தோலோடு வரும். விளக்கேற்றி முடித்து, நெருப்புப் பெட்டி எல்லாம் உள்ளே போன பிறகு அவர்கள் வரட்டும்.

---

மண்டபம்_கரை

குத்துவிளக்கு விஷயம் எங்கள் யார் மனதிலும் வரவே இல்லை. நிகழ்ச்சி வரிசையை மாற்றிவிட்டோம்.

விளக்க அட்டையில் "மறுசுழற்சி உடை" என்று போடலாமா?

---

உப்புநீக்கி

வேண்டாம். வலையை வெட்டி அப்படியே தைத்தது மறுபயன்பாடு. உருக்கியோ வேதிமுறையில் உடைத்தோ புது இழையாக்கினால்தான் மறுசுழற்சி. பழைய நைலான் வலையை மூலப்பொருளாகவே உடைத்து மறுபடி நூலாக்குவதை அக்வாஃபில் என்ற இத்தாலிய நிறுவனம் 2011 முதல் எகோனில் என்ற பெயரில் செய்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வருபவர், வலையை வீட்டிலேயே மறுசுழற்சி செய்துவிடலாம் என்று நினைப்பார்.

அட்டையில் பொருள், எடுத்த கரை, மாதம், எடை, புதிதாகக் காசு கொடுத்து வாங்கியவை இவ்வளவும் வரட்டும். "தங்கூசி வலை 1.4 கிலோ, தனுஷ்கோடி தென்கரை, சொட்டுநீர்க் குழாய், உள்துணி புதிது" என்பது மாதிரி. நூலும் கொக்கியும் புதிதென்றால் அதையும் எழுதுங்கள்.

---

கீழக்கரை_தையல்

பார்க்க வருபவருக்கும் ஒரு சின்னத் தாள் கொடுங்கள். உடுப்பின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். தோள், அக்குள், கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கனத்தை எது தாங்குகிறது, கை தூக்க இடம் விட்டிருக்கிறதா, கண்ணி எங்கே திறந்து எங்கே மூடியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். நியூசிலாந்தில் 1987ல் நெல்சன் ஊரில் தொடங்கிய அணியும் கலைப் போட்டியில், எந்தப் பொருளில் செய்தாலும் அது மேடையில் ஓர் உடம்பின் மேல் அசைந்து காட்டணும். அந்த அளவுகோல் நமக்கும் நல்லது. அணிய முடியாதது சிற்பம்.

அதற்காகப் பொம்மைகளைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டடி முன்னே நகர்த்தி வையுங்கள், முதுகும் தெரியட்டும்.

---

வலைக்கண்

பிள்ளைகள் போடும் நான்கை மட்டும் தனியாகச் சோதியுங்கள். பொம்மையில் மாட்டி, கரையில் அரைக் கிலோ மணல் பை நான்கு கட்டி, இரண்டு நாள் தொங்கவிடுங்கள். இறங்கிய அளவைக் குறியுங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் இடுப்பில் எங்கோ முடிச்சு வழுக்குகிறது. ஒவ்வொரு கட்டையும் விரலால் இழுத்துப் பார்த்து, வழுக்கும் இடத்தில் இன்னொரு முடிச்சு போட்டு வாலை நூலோடு சேர்த்துச் சுற்றுங்கள். அதை முடித்த பிறகு கடைசி அளவை எடுத்துக் கரையைக் கட்டுங்கள், முன்னால் வேண்டாம்.

---

மண்டபம்_கரை

மணல் பை இன்று இரவு தொங்குகிறது. ஒரு சந்தேகம்: டிடிஎஸ் நான்காம் ஊறலில் 120 ஏறியது, ஐந்தாவதில் 70.

---

உப்புநீக்கி

இறங்குகிறது, இன்னொன்று போடுங்கள். முடிச்சுக்குள் இருக்கும் உப்புதான் கடைசியில் வரும். ஊறும்போது இரண்டு மணிக்கு ஒரு முறை வலையைத் தூக்கிக் குலுக்கி மறுபடி அமுக்குங்கள், சும்மா கிடந்தால் முடிச்சுக்குள் நீர் மாறாது. ஆறாவதைக் காவிரித் தண்ணீரில் வையுங்கள்.